புண் ஆறிவிட்டது, நரம்பு ஆறவில்லை

கொலனோஸ்கோபி ரிப்போர்ட் சுத்தமாக வந்திருக்கிறது. சவ்வில் சிவப்பு இல்லை, புண் இல்லை, ரத்தக்கசிவு இல்லை. 'நல்லா ஆறியிருக்கு' என்று டாக்டர் சந்தோஷமாகச் சொல்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவரோ அன்று காலையிலும் மூன்று முறை கழிப்பறைக்கு ஓடியவர். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அடிவயிறு முறுக்குகிறது. போய் வந்த பிறகும் கடுப்பு தீர்வதில்லை. ஊருக்குக் கிளம்பினால் பஸ் எங்கே நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று விசாரித்த பிறகுதான் டிக்கெட் எடுக்கிறார். வீட்டில் இருப்பவர்கள், 'டாக்டரே ஒண்ணுமில்லைன்னுட்டார், நீதான் சும்மா அதையே நினைச்சுக்கிட்டு இருக்கே' என்கிறார்கள்.

நாள்பட்ட குடல் அழற்சியோடு வாழ்கிறவர்களில் பலர் இந்த இடத்தில் வந்து நின்றிருக்கிறார்கள். 2020-இல் லான்செட் குழுமத்தின் இரைப்பை-குடல் மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, 27 ஆய்வுகளில் இடம்பெற்ற 3,169 நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. எல்லோரும் நோய் அடங்கிய நிலையில் இருந்தவர்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வயிற்றுவலியும் மலம் கழிப்பதில் கோளாறும் தொடர்ந்தன. கேமரா விட்டுப் பார்த்துப் புண் இல்லை என்று உறுதி செய்யப்பட்டவர்களை மட்டும் எண்ணினாலும் நாலில் ஒருவர் அளவுக்கு இருந்தார்கள். இத்தனை பேருக்கும் மனப்பிரமை என்று ஒதுக்கிவிட முடியாது. இவர்களுடைய வலிக்கு உடம்பில் ஓர் இடம் இருக்கிறது. கேமரா எட்டிப் பார்க்காத, குடற்சுவருக்குள்ளேயே பதிந்திருக்கிற நரம்பு மண்டலம் அது.

குடல் அழற்சி என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். மலக்குடலில் தொடங்கிப் பெருங்குடலில் மேல்நோக்கிப் பரவும், உட்சவ்வைப் புண்ணாக்கும், ரத்தமும் சளியுமாகப் போகும். இன்னொன்று க்ரோன் நோய். 1932-இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் பரில் க்ரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூவர் சேர்ந்து விவரித்தது. வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம். சவ்வோடு நிற்காமல் குடற்சுவரின் முழுத் தடிமனையும் துளைத்துக்கொண்டு போகும்.

இவை மேல்நாட்டு வியாதிகள் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. பஞ்சாபில் வீடு வீடாகப் போய் எடுத்து 2003-இல் வெளியிட்ட கணக்கெடுப்பு, லட்சம் பேருக்குச் சுமார் 44 பேர் அல்சரேட்டிவ் கோலைட்டிஸோடு இருப்பதைக் கண்டது. நம் ஊரில் க்ரோன் நோய்க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குடல் காசநோய் பார்வைக்கு அச்சு அசலாக அதைப்போலவே இருக்கும். இரண்டையும் திசுப் பரிசோதனையில் எப்படிப் பிரித்தறிவது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1990-களிலிருந்தே எழுதிவருகிறார்கள். எது என்று தெரியாத நிலையில் முதலில் காசநோய் மாத்திரையைப் பல மாதம் கொடுத்துப் பார்ப்பது இங்கே வழக்கம். காசநோய் பெருகிய நாட்டில் அதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால், க்ரோன் நோய் உள்ளவருக்கு அத்தனை மாதமும் அழற்சி உள்ளே எரிந்துகொண்டே இருக்கிறது. அந்தக் காலத்துக்குக் குடல் நரம்புகள் கொடுக்கிற விலைதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் வில்லியம் பெய்லிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற இரண்டு உடலியல் வல்லுநர்கள் இருந்தார்கள். ஸ்டார்லிங்கின் தங்கையைக் கட்டியவர் பெய்லிஸ். இந்த மாமன் மச்சான் ஜோடி 1899-இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டது. மயக்கமூட்டிய நாயின் சிறுகுடலுக்கு மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் வரும் நரம்புகளை எல்லாம் துண்டித்தார்கள். பிறகு குடலுக்குள் ஒரு சிறு உருண்டையை வைத்தார்கள். உருண்டைக்கு மேலே குடல் சுருங்கியது, கீழே தளர்ந்து வழிவிட்டது. உருண்டை நகர்ந்தது. மேலிடத்து உத்தரவு எதுவும் வராமலே குடல் தன் வேலையைச் செய்தது.

அதற்குக் காரணமான நரம்புகளை ஜெர்மானிய உடற்கூறியலாளர்கள் முன்பே கண்டிருந்தார்கள். சவ்வுக்கு அடியில் இருக்கும் பின்னலை 1857-இல் கியோர்க் மைஸ்னரும், இரண்டு தசை அடுக்குகளுக்கு நடுவே கிடக்கும் பின்னலை 1860-களில் லியோபோல்ட் அவுவர்பாக்கும் விவரித்தார்கள். இன்றைக்கும் அவை அவர்கள் பெயரிலேயே வழங்குகின்றன. உணவுக்குழாய் தொடங்கி ஆசனவாய் வரை இந்தப் பின்னல்களில் 10 கோடிக்கும் மேற்பட்ட நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள், இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. தண்டுவடத்தில் இருப்பதற்குக் குறையாத எண்ணிக்கை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கெர்ஷான் 1998-இல் இதை 'இரண்டாவது மூளை' என்று தன் புத்தகத்துக்கே தலைப்பாக வைத்தார்.

பின்னலைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பொறுமை வேண்டும். குடல் துண்டை நீளவாக்கில் வெட்டி விரித்து, ஊசிகளால் இழுத்துக் குத்தி நிறுத்தி, நுண்ணோக்கிக்குக் கீழே மெல்லிய இடுக்கியால் சவ்வை உரிக்க வேண்டும். அடுத்து வட்டத் தசையை இழை இழையாக எடுக்க வேண்டும். கை சற்று அழுந்தினாலும் கிழிந்துவிடும். மிச்சமிருக்கும் கண்ணாடித்தாள் போன்ற படலத்துக்குச் சாயமேற்றினால் மீன்வலை விரித்ததுபோல நரம்புக் கட்டுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுவது தெரியும். முடிச்சு விழும் இடங்களில் நியூரான்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். கொலனோஸ்கோபியில் கிள்ளி எடுக்கும் பயாப்ஸித் துணுக்கு இந்த ஆழத்துக்கு வருவதே இல்லை. ஆபரேஷனில் குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால்தான் நோயாளியின் தசைப்படல நரம்பு முடிச்சுகளைப் பார்க்க முடியும். அதனால்தான் இதைப்பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி கினிப் பன்றியிலிருந்தும் எலியிலிருந்தும் வந்திருக்கிறது.

அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் கேரி மாவேயும், கனடாவின் கால்கரியில் கீத் ஷார்க்கியும் இந்த வேலையில் பல ஆண்டுகளைச் செலவிட்டவர்கள். கினிப் பன்றியின் பெருங்குடலில் ரசாயனம் செலுத்தி அழற்சியை உண்டாக்கினார்கள். முதல் நாளிலேயே, வெள்ளணுக்கள் நரம்பு முடிச்சுகளுக்குள் புகுந்த சில மணி நேரத்திலேயே, நியூரான்கள் சாகத் தொடங்கின. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. எட்டு வாரம் கழித்து, அழற்சி தணிந்து சவ்வு தேறிய பிறகு எண்ணிப் பார்த்தபோதும் போனது போனதாகவே இருந்தது.

பிழைத்த நியூரான்களும் பழையபடி இல்லை. குடலின் உணர்வு நியூரான் ஒரு முறை துடித்தால், அடுத்த துடிப்புக்கு முன் சில நொடிகள் அடங்கிக் கிடப்பது அதன் இயல்பு. அந்த இடைவெளிதான் குடலை நிதானமாக வைத்திருக்கிறது. அழற்சிக்கு ஆட்பட்ட நியூரானில் அந்த ஓய்வு சுருங்கிவிடுகிறது. சிறு தூண்டலுக்கும் அடுத்தடுத்துத் துடிக்கிறது. இன்னொரு பக்கம், தசையைத் தளரச் செய்யும் நரம்புகளின் சமிக்ஞை பலவீனமாகிறது. பெய்லிஸும் ஸ்டார்லிங்கும் கண்டது மேலே சுருங்குவது, கீழே தளர்வது என்ற இரண்டும் சேர்ந்த இயக்கம். கீழே தளராவிட்டால் எதுவும் நகராது. வெர்மான்ட் ஆய்வுக்கூடத்தில் உடலிலிருந்து எடுத்த குடலைத் திரவத்தில் கிடத்தி அதற்குள் ஒரு புழுக்கைத் துண்டை வைத்துப் பார்த்தார்கள். நலமான குடலில் அது ஒரே சீராகப் பயணித்தது. அழற்சி கண்ட குடலில் புண் உள்ள இடம் வந்ததும் தடைப்பட்டு நின்றது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் மேற்சவ்வு நோய் என்றுதான் பாடப்புத்தகம் சொல்கிறது. ஆனால், அதன் பாதிப்பு சவ்வுக்குக் கீழே, தசைகளுக்கு நடுவே இருக்கும் நரம்பு வரை இறங்குகிறது. கோலைட்டிஸ் நோயாளிகளில் சிலருக்கு மலக்குடலில் ரத்தமும் அவசரமும் இருக்க, அதற்கு மேலே உள்ள பெருங்குடலில் மலம் இறுகித் தங்கிவிடும். பேதியும் மலச்சிக்கலும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் வருவது எப்படி என்று அவர்கள் குழம்புவார்கள். குடலின் ஒவ்வொரு பகுதியிலும் இயக்கம் ஒவ்வொரு விதமாகக் குலைந்திருப்பதுதான் காரணம்.

நியூரான்கள் எப்படிச் சாகின்றன என்பதற்கு 2012-இல் நேச்சர் மெடிசின் இதழில் ஒரு விடை வந்தது. பிரையன் கல்பிரான்சனும் ஷார்க்கியும் மற்றவர்களும் எழுதியது. காயம்பட்ட செல்களிலிருந்து ஏ.டி.பி. வெளியே கசிகிறது. செல்லுக்குள் இருக்கும்வரை அது எரிபொருள், வெளியே வந்தால் ஆபத்து மணி. அதை நியூரானின் மேலுள்ள ஓர் ஏற்பி பிடித்துக்கொண்டதும் நியூரானின் சுவரில் ஒரு வாசல் திறக்கிறது, உள்ளே சாவுக்கான சங்கிலி ஓடத் தொடங்குகிறது. எலிகளில் அந்த ஏற்பியை மருந்தால் அடைத்தபோது, அழற்சி இருந்தும் நியூரான்கள் பிழைத்தன. நியூரானைச் சுற்றியிருந்து அதற்கு ஊட்டமும் பாதுகாப்பும் தரும் கிளியா செல்களுக்கும் இந்தச் சாவில் பங்கு இருக்கிறது என்று கல்பிரான்சன் குழு பின்னர் காட்டியது. காவலிருக்க வேண்டியவையே அழற்சியின் பிடியில் கட்சி மாறுகின்றன.

செரட்டோனின் என்றாலே மனச்சோர்வு மாத்திரை ஞாபகம்தான் பலருக்கும் வரும். உடம்பின் செரட்டோனினில் 90 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது குடலில்தான். சவ்வில் சிதறிக்கிடக்கும் சிறப்புச் செல்கள், உணவு உரசும்போது அதை வெளியிடும். நரம்பு முனைகள் அதை உணர்ந்து குடலை அசைக்கும். வேலை முடிந்ததும் பக்கத்துச் செல்கள் அதை உறிஞ்சி அப்புறப்படுத்திவிடும். கோலைட்டிஸ் நோயாளிகளின் சவ்வில் இந்த உறிஞ்சும் புரதம் குறைந்திருப்பதை 2004-இல் வெர்மான்ட் குழு கண்டது. செரட்டோனின் தங்கிப்போகிறது, நரம்புகள் தொடர்ந்து தட்டி எழுப்பப்படுகின்றன. சாப்பிட்ட கையோடு ஓட வேண்டியிருப்பதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

இனி வலி. மிளகாயின் காரம் நாக்கில் எரிவது டி.ஆர்.பி.வி-1 என்ற ஏற்பியால். அதன் மரபணுவை 1997-இல் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. கொதிக்கும் சூட்டையும் காரத்தையும் ஒரே எரிச்சலாக மூளைக்குச் சொல்லும் இந்த ஏற்பி, குடலின் வலி நரம்புகளிலும் இருக்கிறது. லண்டன் ஆய்வாளர்கள், நோய் அடங்கியும் வயிற்றுவலி தீராத அழற்சி நோயாளிகளின் பயாப்ஸிகளைச் சோதித்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். இந்த ஏற்பியைத் தாங்கிய நரம்பு இழைகள் அவர்களிடம் மற்றவர்களைவிட ஏறக்குறைய நாலு மடங்கு அதிகம் இருந்தன. வலி எவ்வளவு கடுமையோ அந்த அளவுக்கு இழைகளும் கூடியிருந்தன. 'நீயாக நினைத்துக்கொள்கிறாய்' என்று கேட்டுக் கேட்டு நொந்துபோனவர்கள் எடுத்துக் காட்டவேண்டிய ஆய்வு இது.

அழற்சி போன பிறகும் குடல் நரம்புகள் அதை மறப்பதில்லை என்பதற்கு ஓர் ஊரே சாட்சியாக இருக்கிறது. 2000 மே மாதம் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ள வாக்கர்டன் என்ற சிற்றூரில் பெருமழை பெய்தது. மாட்டுச்சாணம் கலந்த நீர் ஊர்க் கிணற்றில் இறங்கியது. குளோரின் முறையாகக் கலக்கப்படவில்லை. ஈ. கோலையும் கேம்பைலோபேக்டரும் குழாய் வழியே வீடுகளுக்குப் போயின. சுமார் 2,300 பேர் நோயுற்றார்கள், ஏழு பேர் இறந்தார்கள். ஹாமில்டனில் உள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஷல் குழு அந்த ஊர் மக்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தது. அந்தக் கடும் வயிற்றுப்போக்கில் சிக்கி அது மருத்துவப் பதிவிலும் இருந்தவர்களில் 36 விழுக்காட்டினருக்கு, கிருமி போய்ப் பல மாதங்கள் ஆன பிறகும், புண் இல்லாமலே வலியும் மலம் கழிப்பதில் கோளாறும் தொடரும் எரிச்சல் குடல் நோய் இருந்தது. நோய்வாய்ப்படாதவர்களில் அது 10 விழுக்காடு. எட்டு ஆண்டுகள் கழிந்தும் பாதிக்கப்பட்டவர்களிடம் அது கூடுதலாகவே காணப்பட்டது. சில நாள் அழற்சிக்கே இந்த நிலை என்றால், பத்து வருடம் விட்டுவிட்டு எரியும் குடலின் நரம்புகள் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் எல்லாக் குடலும் ஒரே மாதிரி நொடித்துப்போவதில்லை. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் டேனியல் முசிடாவின் குழு, குடல் தசையில் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் தொற்றின்போது நியூரான்களைக் காப்பாற்றுவதை எலிகளில் காட்டியது. உடலின் அட்ரினலின் வகைச் சமிக்ஞை வந்ததும் அவை நியூரானுக்குக் காப்பான பொருள்களைச் சுரக்கின்றன. வலி நரம்புகளையும் வெறும் எதிரியாகப் பார்ப்பது பிழை. அவற்றை நீக்கிய எலிகளின் குடலில் சளிப்படலம் மெலிந்து, அழற்சி இன்னும் மோசமானதை ஹார்வர்டின் ஐசக் சியூ குழு 2022-இல் பதிவுசெய்தது. குடலுக்குச் சளிக்கவசம் போர்த்தச் சொல்வதே அந்த நரம்புகள்தான். மரத்துப்போகச் செய்வதே வைத்தியம் என்று கிளம்பினால் குடல் தன் கவசத்தை இழக்கும்.

மனக்கவலைக்கும் குடலுக்கும் உள்ள உறவை, நோயாளியைக் குற்றம் சொல்லும் ஆயுதமாகப் பலர் பயன்படுத்துகிறார்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நடந்து 2018-இல் வெளியான தொடர் ஆய்வு, அந்த உறவு இரண்டு திசையிலும் ஓடுவதைக் காட்டியது. மனப்பதற்றம் இருந்தவர்களுக்கு நோய் கிளம்பும் வாய்ப்பு கூடியது. நோய் கிளம்பியிருந்தவர்களுக்குப் பின்னாளில் மனப்பதற்றம் வரும் வாய்ப்பும் கூடியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் 2023-இல் இதன் பாதையை எலிகளில் தடம் பிடித்தார்கள். ஓயாத மன அழுத்தத்தில் உடல் சுரக்கும் ஸ்டீராய்டு குடலின் கிளியா செல்களைக் கிளறி, அழற்சி செல்களை வரவழைக்கிறது. நியூரான்களையும் முதிரவிடாமல் தடுக்கிறது. மனம் என்று நாம் சொல்வது, ரத்தம் வழியாகவும் நரம்பு வழியாகவும் குடற்சுவர் வரை வந்து சேர்கிற ஒன்று. அதற்காக நோயாளியைப் பழிப்பது, காய்ச்சல் வந்ததற்காக ஒருவரைத் திட்டுவதற்குச் சமம்.

க்ரோன் நோயில் நரம்புகள் சேதப்படுவதை மனிதத் திசுவிலேயே 1980-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியே காட்டியவர் ஆன் டுவோராக். நடைமுறைக்கு உதவும் இன்னொரு தகவல் பெல்ஜியத்தின் லூவன் நகரிலிருந்து 2006-இல் வந்தது. நோயுற்ற குடலை வெட்டி எடுக்கும்போது, அறுவை மருத்துவர் நல்ல இடமாகப் பார்த்துத்தான் வெட்டுகிறார். அந்த வெட்டுமுனையில் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். நுண்ணோக்கியில் பார்த்தால் சிலருக்கு நரம்பு முடிச்சுகளைச் சுற்றி அழற்சி செல்கள் மொய்த்திருக்கும். அப்படி இருந்தவர்களுக்கு, ஆபரேஷனுக்குப் பிறகு நோய் சீக்கிரமே திரும்பியது. சவ்வில் புண் தெரிவதற்கு முன்பே நரம்பில் நோய் இருந்திருக்கிறது.

இதையெல்லாம் வைத்து இன்றைக்கு என்ன செய்ய முடியும்? நரம்பைக் காக்கத் தனி மருந்து இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை. கழுத்து வழியே இறங்கும் வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டி அழற்சியை அடக்கும் முயற்சி நடக்கிறது. பிரான்சின் கிரனோபிள் நகரில் புரூனோ போனாஸ் குழு க்ரோன் நோயாளிகள் ஏழு பேருக்குக் கருவி பொருத்தி 2016-இல் முடிவு சொன்னது. இருவருக்கு நோய் மோசமானதால் வேறு சிகிச்சைக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஐவர் தேறினார்கள். நம்பிக்கை தரும் தொடக்கம்தான், ஆனால் ஏழு பேரை வைத்து யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது.

கையில் இருப்பதில் முதலாவது, அழற்சியைச் சீக்கிரம் கண்டுபிடித்து முழுமையாக அடக்குவது. ரத்தம் நின்றுவிட்டது என்று மருந்தைத் தாமாக நிறுத்திவிடுகிறவர்கள் நம்மிடம் ஏராளம். வெளியே ஓய்ந்த அழற்சி உள்ளே தொடர்ந்தால் நரம்புகள் மீண்டும் அடிவாங்கும். தொல்லை திரும்பும்போது அது அழற்சியா, நரம்பின் மிச்சமா என்று பிரித்தறிய மலத்தில் கேல்ப்ரொடெக்டின் பார்க்கும் எளிய டெஸ்ட் இருக்கிறது. வெள்ளணுக்களிலிருந்து வரும் புரதம் அது. அளவு கூடியிருந்தால் அழற்சிக்கான சிகிச்சையைக் கூட்ட வேண்டும். அது இயல்பாக இருந்து வலி மட்டும் தொடர்ந்தால், ஸ்டீராய்டை ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. நரம்பை நோக்கிய வைத்தியம் தேவை.

அதில் உணவுக்கு இடமுண்டு. நொதித்து வாயு உண்டாக்கும் மாவுச்சத்துகளை நாலு வாரம் குறைத்துப் பார்க்கும் முறையை லண்டன் கிங்ஸ் காலேஜில் நோய் அடங்கிய 52 பேரிடம் சோதித்தார்கள். கடைப்பிடித்தவர்களில் பாதிப் பேருக்குப் போதிய நிவாரணம் கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த மற்றப் பிரிவில் அது 16 விழுக்காடுதான். நம் சமையலில் இந்தப் பட்டியல் நீளம்: வெங்காயம், பூண்டு, பருப்பு, பயறு, கோதுமை, பால். சாம்பாரையே கைவிட வேண்டிவரும் என்பதால், உணவியல் நிபுணரின் மேற்பார்வையில் கொஞ்ச காலம் மட்டும் செய்து, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் மாத்திரை எரிச்சல் குடல் நோயாளிகளுக்குப் பலனளித்ததை பிரிட்டனில் 463 பேரிடம் நடந்த சோதனை 2023-இல் உறுதிசெய்தது. அதில் கலந்துகொண்டவர்கள் அழற்சி நோயாளிகள் இல்லை என்றாலும், இதே காரணத்துக்காக மருத்துவர்கள் இவர்களுக்கும் அதை எழுதுவதுண்டு. அப்படி எழுதினால், 'எனக்குப் பைத்தியம் என்று நினைத்துவிட்டார்' என்று கலங்க வேண்டாம். மனச்சோர்வுக்குத் தரும் அளவைவிட மிகக் குறைந்த அளவில், குடல் நரம்பின் துடிப்பைத் தணிக்கத் தருவது அது.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில்தான் அதிக எச்சரிக்கை தேவை. டைக்ளோஃபினாக், இபுப்ரொஃபென் போன்ற வலிமாத்திரைகள் அழற்சியைக் கிளப்பிவிடக்கூடும். கடுமையான கோலைட்டிஸ் நேரத்தில் பேதியை நிறுத்த லோபரமைடு போட்டுக்கொண்டால், ஏற்கெனவே செயலிழந்து வரும் பெருங்குடல் பலூனாக உப்பி உயிருக்கே ஆபத்தாகலாம். வயிறு உப்பிக் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்ற நாள்களில், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம்: எத்தனை முறை போகிறது, ரத்தம் உண்டா, இரவில் எழுந்து போகவேண்டி இருக்கிறதா, எடை குறைகிறதா, சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் வலி வருகிறது. ரத்தமும் இரவுப் போக்கும் எடை குறைவும் அழற்சியைச் சந்தேகிக்க வைக்கும் அடையாளங்கள். அவை இல்லாமல் வலியும் அவசரமும் மட்டும் இருந்தால், 'புண் ஆறியிருந்தாலும் நரம்பு காரணமாக இருக்குமா?' என்று நேராகவே கேட்டுவிடலாம்.